நூலகத்தின் ஈசானிய வாசல்

திருப்பதி
10 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆசிர் எழுதுகிறேன். தோத்திரம். இங்கே எல்லோரும் சுகம். உன் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, காது மெஷினை மாட்டிக்கொள்கிறாயா என்று எழுதவும். மாட்டமாட்டாய். அதனால்தான் போனை வைத்துவிட்டுத் தபால் தலை வாங்குகிறேன்.

இன்று காலை பதினொன்றேகால் மணிக்கு ஒரு முடிவெடுத்தேன். இனி எங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்குள் தெற்கு வாசல் வழியாக யாரும் வரமாட்டார்கள். வடகிழக்கு வாசல் வழியாக வருவார்கள். எனக்கு முன்னால் பொறுப்பிலிருந்த யாரும் துணியாத காரியம் இது. அறிவிப்பில் நான் கையெழுத்துப் போட்டபோது அறையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். அட்டெண்டர் கோவர்த்தனன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

இங்கே நூலகர் பதவி எத்தனையோ வருடமாகக் காலி. விலங்கியல், சட்டம், யோகா என்று பேராசிரியர்கள் மாறி மாறிப் பொறுப்புப் பார்த்தார்கள். யோகா பேராசிரியர் காலத்தில் கொஞ்சம் அமைதி இருந்தது. முதல்முறையாக நூலகவியல் படித்த ஒருவனிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். ஏன் எவரும் நிலைக்கவில்லை என்று பதிவாளர் ஒரு வாஸ்து நிபுணரை வரவழைத்துப் பார்த்தார். "அந்தா ஈ தலுப்பு வல்லனே, ஆசிர்காரு" என்றார். எல்லாவற்றுக்கும் இந்தத் தெற்குக் கதவுதான் காரணமென்று நிபுணர் சொன்னாராம். ஈசானிய மூலையில் வழி வைத்தால் சரியாகிவிடுமாம்.

நமக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பதிவாளருக்கு இருக்கிறது. எனக்குப் பதிவாளரிடம் நம்பிக்கை இருக்கிறது. எட்டு ஒப்பந்த ஊழியர்களை வருடாவருடம் நீட்டிப்புக்கு அலையவிடாமல் மூன்று வருடத்துக்கு ஒரே உத்தரவு கேட்டு நான் அனுப்பிய கோப்பு அவர் மேஜையில் இருக்கிறது. நான் கதவு அறிவிப்பைக் கொடுத்தேன். அவர் அந்தக் கோப்பை இடப்பக்கத்திலிருந்து எடுத்து வலப்பக்கம் வைத்தார். அந்த எட்டுப் பேரில் உன் மகள் கேசியாவும் ஒருத்தி என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

உன் ஜெபத்தில் நினைத்துக்கொள்.

தம்பி
ஆசிர்

*

சித்தூர்
19 ஜூன் 2024

பிரியமான தம்பி ஆசிருக்கு,

அக்கா ஞானசௌந்தரி எழுதுவது. சர்க்கரை நூற்று எழுபது. மெஷின் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. உன் முழங்கால் வலி எப்படி?

உனக்குப் பொறுப்புக் கொடுத்தது எனக்குப் பெருமை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் போதகரிடம் சொன்னேன். அவர் ஸ்தோத்திர ஜெபத்தில் உன் பெயரைச் சேர்த்தார். கதவைச் சேர்க்கவில்லை.

முப்பது வருடம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள் நான். வடகிழக்கு எங்கே என்று எனக்குத் தெரியும். உங்கள் கட்டடத்தில் அது பின்பக்கம். கேசியாவை வேலையில் சேர்க்க வந்த அன்று சுற்றிப் பார்த்தேன். தெற்கு வாசலில் சாய்தளம் இருந்தது. சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு ஏறிப் போனாள். பின்னால் பிடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்து, "நீ ஏறி வா மா, மெதுவா" என்றாள். அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்தப் பின்பக்க வாசலுக்குப் படி இருக்கிறதா? எத்தனை?

சமாதானம் உண்டாவதாக.

அக்கா

*

திருப்பதி
8 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

தோத்திரம். உன் கடிதம் வந்தது. நூற்று எழுபது அதிகம். ராகிக் களியை நிறுத்தாதே. என் முழங்கால் மழைக்கு முன்னறிவிப்புச் சொல்கிறது; மற்றபடி குறை இல்லை.

நூலக ஊழியர்களைப் பலப்படுத்தும் வேலையை ஆரம்பித்துவிட்டேன். சென்ற வாரம் மூன்று நாள் தலைமைப் பண்புப் பயிற்சி நடத்தினோம். ஹைதராபாத்திலிருந்து ஒருவர் வந்தார். நூலகத்தின் உள்ளே வந்து பார்க்க அவருக்கு நேரமில்லை. ஆனால் நூலகங்களின் எதிர்காலம் பற்றி விரிவாகப் பேசினார். ஒவ்வொருவரும் தலைவரே என்றார். கோவர்த்தனன் எழுந்து, "அப்டின்னா சார், டீ யாரு வாங்கியாறது?" என்று கேட்டார். நல்ல கேள்வி என்று பயிற்சியாளர் குறித்துக்கொண்டார்.

கடைசி நாள் ஒரு பயிற்சி. கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாய வேண்டும், சக ஊழியர் தாங்கிப் பிடிப்பார். நானும் சாய்ந்தேன். பிடித்தார்கள். என் இருபத்தெட்டு வருடப் பணியில் அப்படி ஒரு நம்பிக்கையை உணர்ந்ததில்லை. பயிற்சி மாடியில் நடந்ததால் கேசியா கீழே இருந்து போனில் பார்த்தாள்.

கேசியா நன்றாக இருக்கிறாள். ஆபீஸில் அவள் என்னை சார் என்பாள், நான் மிஸ் கேசியா என்பேன். இது உனக்குத் தெரிந்ததுதான். நேர்முகத்தேர்வு அன்று நான் அறையை விட்டு வெளியே போய் நின்றேன். அதற்குப் பிறகும் அப்படியே.

கோப்பு இன்னும் வலப்பக்கத்தில் இருக்கிறது.

அன்புடன்
ஆசிர்

*

சித்தூர்
17 ஜூலை 2024

தம்பிக்கு,

சுகம். நீங்களும் சுகமென்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். படியைக் காணவில்லை. எண்ணுவதற்குச் சிரமமாயிருந்தால் கோவர்த்தனனை எண்ணச் சொல்.

கேசியா மூன்று சனிக்கிழமையாக வீட்டுக்கு வரவில்லை. கேட்டால் "ஆடிட் மா" என்று மெசேஜ். பிறகு ஒரு பூப் படம். பூப் படம் அனுப்புகிற பெண்ணில்லை அவள்.

அக்கா

*

திருப்பதி
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

தோத்திரம். தாமதத்துக்கு மன்னிக்கவும், சுதந்திர தின ஏற்பாடுகள். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஒன்பது படி.

இதை நான் மறைக்கவில்லை. கையெழுத்துப் போட்ட அன்று மனதில் வரவில்லை. மறுநாள் காலை வந்தது. உடனே சாய்தளத்துக்கு மதிப்பீடு கேட்டு பொறியியல் பிரிவுக்கு எழுதினேன். அவர்கள் இடத்தைப் பார்த்தார்கள். ஈசானிய மூலையில் கனமான கட்டுமானம் வரக்கூடாதென்று நிபுணர் சொல்லியிருப்பதால், கனமில்லாத சாய்தளம் எப்படிக் கட்டுவது என்று ஆராய்கிறார்கள். தெற்குக் கதவின் சாவி பதிவாளரிடம் இருக்கிறது.

நேரில் போய் அழுத்தமாகக் கேட்கலாமே என்பாய். கேட்கலாம். வேறு யாருக்காக இருந்தாலும் அன்றைக்கே போயிருப்பேன். "அக்கா பொண்ணுக்குன்னா கதவத் தொறக்கறாரு" என்று ஒருவர் வாயிலிருந்து வந்துவிட்டால் மற்ற ஏழு பேரின் கோப்பும் அதோடு போகும். நம் அப்பா மிஷன் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தபோது என்னை ஒரு மார்க்கில் பெயிலாக்கினார். அந்த வீட்டில் வளர்ந்தவன் நான்.

தற்காலிகமாக ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். கேசியா ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை.

அன்புடன்
ஆசிர்

*

சித்தூர்
1 செப்டம்பர் 2024

தம்பி ஆசிருக்கு,

எழுத்து என்னுடையதில்லை என்று பார்த்திருப்பாய். புதன்கிழமை குளியலறையில் வழுக்கி வலது மணிக்கட்டு போய்விட்டது. புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தேன். முட்டையும் மூலிகையும் நாறுகிறது. மற்றபடி பயமில்லை. உங்கள் நூலகத்தில் கேசியாவோடு வேலை செய்கிற மோனிகா, நம் சபைப் பெண், சனி ஞாயிறு ஊருக்கு வருவாள் அல்லவா, அவள் கையால் எழுதுகிறேன். சொல்வதெல்லாம் நான். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

அவள் சொல்வதையும் அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன். எழுதமாட்டேன் என்கிறாள். "ஆன்ட்டி, சாரு என் கையெழுத்த கண்டுபுடிச்சிருவாரு." கண்டுபிடிக்கட்டும், எழுது என்றேன்.

"காலையில பிளாஸ்டிக் சேர் ஒண்ணு படிக்குக் கீழ போட்டு வெச்சிருப்பாங்க ஆன்ட்டி. கேசியாக்கா வீல்சேர்லேர்ந்து அதுக்கு மாறுவாங்க. கோவர்த்தனன் அண்ணன் ஒரு பக்கம், செக்யூரிட்டி ஒரு பக்கம், தூக்கிக்கினு போவாங்க. பசங்க எல்லாம் நின்னு பாத்துக்கினு இருக்கும். செல்போன்ல கூட ஒருத்தன் எடுத்தான். அக்கா கண்ண மூடிப்பாங்க. சாயங்காலம் அதே மாரி எறக்குவாங்க. மத்தியானம் இறங்க வேண்டி வரும்னு அக்கா தண்ணியே குடிக்கறதில்ல. பாத்ரூம் வெளியதான இருக்குது."

தண்ணீர் விஷயத்தை எழுதவேண்டாம் என்று அழுகிறாள். எழுதியாகிவிட்டது.

உங்கள் பயிற்சியில் சாய்ந்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்களா?

கேசியாவிடம் இதைக் கேட்காதே. நான் கேட்டேன். "சும்மா ஒன்பது படி மா" என்றாள்.

கட்டுப் பிரிக்க ஒரு மாதம் ஆகும். நீ சுகமாயிரு.

ஞானசௌந்தரி
(மோனிகா கையால்)

*

திருப்பதி
20 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

தோத்திரம். கையை அசைக்காதே. பாரம் தூக்காதே. மோனிகாவை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள்தான் என்னைப் பார்த்தால் அலமாரிக்குப் பின்னால் போய்விடுகிறாள்.

உன் கடிதம் வந்த அன்று இரண்டு மணி நேரம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சேரை நான் பார்த்ததில்லை. நான் ஒன்பதரைக்கு வருவேன், அவள் ஒன்பதுக்கு. பார்க்காமல் இருப்பதற்காக ஒன்பதரைக்கு வரவில்லை. வழக்கமே அது.

ஒரு வழி கண்டுபிடித்தேன். தெற்கு வாசலை ஒட்டி வெளிப்பக்கமாக ஒரு பழைய காவலர் அறை இருக்கிறது, தரையோடு தரையாக. அதற்கும் புத்தகம் கொடுத்து வாங்கும் எங்கள் அறைக்கும் நடுவில் ஒரு ஜன்னல். கேசியாவின் மேஜையையும் கம்ப்யூட்டரையும் அங்கே மாற்றினேன். பையன்கள் வெளிப்பக்கம் வந்து புத்தகத்தின் பெயரைச் சொல்வார்கள். கேசியா தேடி எண்ணைச் சொல்வாள். கோவர்த்தனன் உள்ளிருந்து எடுத்து ஜன்னல் வழியாக நீட்டுவார். 'வாசகர் நேரடிச் சேவைப் பிரிவு' என்று பெயர். பதிவாளர் வந்து ரிப்பன் வெட்டினார். கதவைத் திறக்காமல் காரியத்தை முடித்த என் தலைமையைப் பாராட்டினார்.

நான் எதிர்பார்க்காதது நடந்தது, அக்கா. கூட்டம். சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ப் படியேறுவதைவிட இது சுலபம் என்று எல்லோரும் அங்கே வருகிறார்கள். படிக்காத பையன்கள்கூட வருகிறார்கள். நேற்று ஒருவன், "அக்கா, எக்ஸாமுக்கு எது படிச்சா பாஸ் ஆவேன்?" என்று கேட்டான். "எது படிச்சாலும் ஆவ, மொதல்ல ஒண்ணு படி" என்றாள் கேசியா. நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னாள். தண்ணீர் பாட்டில் மேஜையில் இருந்தது. பாதி காலியாக இருந்தது.

அன்புடன்
ஆசிர்

*

திருப்பதி
4 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

தோத்திரம். கட்டுப் பிரித்துவிட்டதாகக் கேசியா சொன்னாள். விரல்களை மடக்கி நீட்டிப் பழகு. அக்டோபரில் நீ எழுதிய நன்றிக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. போடும்படியான செய்தி வரட்டும் என்று காத்திருந்தேன்.

பிப்ரவரியில் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது. நூலகத்துக்குள் தினமும் எத்தனை பேர் நுழைகிறார்கள் என்று பார்ப்பார்கள். எண்ணும் கருவி வடகிழக்கு வாசலில் இருக்கிறது. ஜன்னலுக்கு வருகிறவர்கள் அதில் விழுவதில்லை. எங்கள் நூலகத்தில் இவ்வளவு புத்தகம் எப்போதும் வெளியே போனதில்லை, இவ்வளவு குறைவாக ஆட்களும் உள்ளே வந்ததில்லை. பதிவாளர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "ஜன்னலை மூடினால் ஆட்கள் உள்ளே வருவார்கள்" என்றார். நான் மறுத்துப் பேசினேன். பத்து நிமிடம் பேசினேன். அப்போது அவர் கை வலப்பக்கக் கோப்பின் மேல் இருந்தது. தற்செயலாகவும் இருக்கலாம்.

ஜன்னலை மூடினோம்.

சேர் வேண்டாம் என்று கேசியா சொல்லிவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. அந்த அறையிலேயே இருக்கிறாள். பட்டியலிடும் வேலை கொடுத்திருக்கிறேன். பட்டியலிடவேண்டிய புத்தகங்கள் உள்ளே இருக்கின்றன.

குழு வந்து போனதும் எல்லாவற்றையும் சரிசெய்வேன். உறுதியாகச் சொல்கிறேன்.

ஆசிர்

*

சித்தூர்
15 டிசம்பர் 2024

தம்பி ஆசிருக்கு,

என் கையெழுத்துக் கோணலாக இருக்கும். விரல்கள் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை.

கேசியா நேற்று வந்தாள். கிறிஸ்துமஸ் மரத்துக்கு நட்சத்திரம் கட்டினாள். சாப்பிடும்போது கேட்டேன், நாள் முழுக்க அந்த அறையில் என்ன செய்கிறாய் என்று. வழக்கம்போல் பலகையில் எழுதிக் காட்டவில்லை, என் காதருகே வந்து சத்தமாகவே சொன்னாள்.

"பசங்க வந்து மூடின ஜன்னலத் தட்டறாங்க மா. பின்னால போங்கன்னு சொல்றேன். அதான் வேல."

"மாமாகிட்ட சொன்னியா?"

"மாமா நல்லவரு மா. பாவம், அவரு தூங்கறதே இல்ல போல, கண்ணெல்லாம் செவந்து கெடக்குது. நான் போய் நின்னா அவருக்கு இன்னும் கஷ்டம்."

பிறகு அவளே சிரித்தாள், "போய் நிக்கறதாம்" என்று.

ஆசிர், நீ கெட்டவனில்லை. எட்டுப் பேர் வயிற்றுக்காக நிற்கிறாய், அது எனக்குத் தெரியும். யாருக்கும் சலுகை காட்டாதவன் என்று பெயர் எடுத்திருக்கிறாய். அதற்காக அவளுக்குக் கிடைக்கவேண்டிய நியாயத்தையும் சலுகைக் கணக்கில் எழுதிவிட்டாய். அவள் உன் அக்கா மகளாக இல்லாதிருந்தால் அவளுக்கு ஒரு நல்ல நூலகர் கிடைத்திருப்பார்.

பண்டிகைக்கு வருவாயா? கறி எடுப்பதா, கோழி போதுமா என்று எழுது.

அக்கா

*

திருப்பதி
10 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். பண்டிகைக்கு வரமுடியாமல் போனதற்கு வருந்துகிறேன். உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் யாராவது வந்தார்கள். யாரும் வராத நாட்களும் இருந்தன.

நல்ல செய்திகள்.

தரமதிப்பீட்டுக் குழு பிப்ரவரி கடைசி வாரத்தில் வந்தது. வருவதற்கு முந்தைய நாள் பதிவாளர் என்னைக் கூப்பிட்டார். மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிக்குத் தனி மதிப்பெண் உண்டாம். தெற்குக் கதவைத் திறக்கச் சொன்னார். வாஸ்து என்ன ஆவது என்று கேட்டேன். இரண்டு நாளுக்குத் தோஷம் கிடையாதென்று நிபுணர் சொல்லிவிட்டாராம். சாய்தளத்தைக் கழுவி இரண்டு பக்கமும் மஞ்சள் வண்ணம் அடித்தோம்.

குழுத் தலைவர் அம்மையார் கேசியாவைப் பார்க்க விரும்பினார். கேசியா சக்கர நாற்காலியில் தானே உருட்டிக்கொண்டு ஏறி உள்ளே வந்தாள். புகைப்படக்காரர் சரியாக எடுக்கவில்லை என்று இன்னொரு முறை இறங்கி ஏறச் சொன்னார்கள். ஏறினாள். நான் பக்கத்தில் நின்றேன். "குட் மார்னிங் சார்" என்றாள். அம்மையார் எங்கள் நூலகத்தை மற்றப் பல்கலைக்கழகங்கள் பின்பற்றவேண்டும் என்று எழுதியிருக்கிறார். உயர்ந்த தரம் கிடைத்தது. 'பொறுப்பு' என்ற சொல்லை நீக்கி என்னை நூலகராகவே நியமித்துவிட்டார்கள்.

குழு கிளம்பிய மாலை பதிவாளர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கதவு அப்படியே இருக்கட்டுமே என்று கேட்கத்தான் அவர் பின்னால் போனேன். கார் வரைக்கும் போனேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார். நன்றி சொல்லும்படி ஆகிவிட்டது.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கோப்பு கையெழுத்தாகிவிட்டது. எட்டுப் பேருக்கும் மூன்று வருடம். இங்கே இதற்குமுன் யாருக்கும் நடக்காதது. உத்தரவை வாங்கிக்கொண்டு கோவர்த்தனன் என் காலில் விழப் பார்த்தார். ஏழு பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. கேசியா ஒரு வாரமாக விடுப்பில் இருக்கிறாள். இந்த மாதம் முப்பத்தொன்று கடைசி நாள். அவள் மேலே வரவேண்டாம், நானே தாளைக் கீழே கொண்டுவந்து கொடுக்கிறேன். அவளிடம் சொல். இது அவளுக்காகத்தான் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

பல்கலைக்கழகச் செய்தி மலர் அச்சாகிவிட்டது. முன்னட்டையில் சாய்தளத்தில் ஏறும் கேசியாவின் படம். ஒரு பிரதி தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அன்புத் தம்பி
ஆசிர்

*

சித்தூர்
3 ஏப்ரல் 2025

பிரியமான தம்பி ஆசிருக்கு,

சுகம். சர்க்கரை நூற்று நாற்பது. கை குணமாகிவிட்டது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். உன் முழங்காலைப் புத்தூரில் ஒருமுறை காட்டு.

நீ நூலகரானது மிகவும் சந்தோஷம். போதகரிடம் சொல்லியிருக்கிறேன். மலர் வந்து சேர்ந்தது. படம் தெளிவாக இருக்கிறது.

கேசியா முதல் தேதியிலிருந்து புத்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறாள்.

அக்கா
ஞானசௌந்தரி